பன்னீர் யானையின் வயிறு

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அதற்கு அடியில் களக் களக் என்று இன்னொன்று. முதலாவது சுலபம், பல்லை லேசாகக் கடித்து நாக்கு நுனியை மடக்கினால் வந்துவிடும். இரண்டாவதற்குத் தொண்டைக்குழியில் கொஞ்சம் எச்சில் நிற்க வேண்டும், அந்த எச்சில்தான் இல்லையே என்று சென்னியப்பன் படுத்தபடியே விசனப்பட்டார். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்வியிருந்த பிளாஸ்டிக் மூடிக்குள் ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது, சுவரில் மாட்டிய பாட்டிலில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் எந்தச் சத்தத்தையும் சும்மா கேட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது, கேட்டதும் வாய் ஊறும், அதை ஒருதரம் செய்து பார்த்தால்தான் ஆறும். கோபியில் நாச்சம்மாள் மகால் என்கிற கல்யாண மண்டபத்துக்கு அவர் மேனேஜர். சாவிக்கொத்து, ஜெனரேட்டர், மைக் மூன்றும் அவர் வசம், மூன்றில் மைக்தான் உயிர். பெண்ணுக்கு அப்பன் குரலில் "மாப்பிள்ளைக்குக் கார் இல்லீங்கோ, சைக்கிள்தானுங்கோ, பஞ்சருக்குப் பணம் தனியாக் குடுத்தர்றோம்" என்று ஒருமுறை மைக்கில் சொல்லப்போக, மாப்பிள்ளையின் தாய்மாமன் முகம் சாம்பலாகி, பந்தியிலிருந்த நிஜ அப்பனுக்குச் சிரிப்புத் தாங்காமல் பாயசம் மூக்கு வழியாக வந்தது. இப்போது அந்த வாய் மூடிக்குள் கிடக்கிறது, ஒரு எழுத்துச் சொன்னால் இருமல் வந்து விலாவைப் பிடித்து முறுக்குகிறது, நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சிமெண்டைக் கொட்டிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள், மூச்சு அதன் மேல் ஓரமாகக் கால் வைத்து நடக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். க்கெஹ்-ஹெ-ஹோ. கடைசி ஹோ-வில் ஒரு வளைவு இருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும், ஊருக்குப் போனதும் பிடிக்க வேண்டும், ஊருக்குப் போவோமா. இந்த நினைப்பு வந்ததும் அதைத் தள்ளிவிட்டு வேறு எதையாவது நினைக்கப் பார்த்தார், அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ரோஜா. ஆஸ்பத்திரியில் ஏது ரோஜா? ஃபீனாயில் இருக்கிறது, பக்கத்துக் கட்டிலின் ஆரஞ்சுத் தோல் இருக்கிறது, பெண்டாட்டி துளசிமணி கொண்டுவந்த ரசத்தின் மிளகு இருக்கிறது. மூடிக்குள் பிளாஸ்டிக் வாடை தவிர வேறெதுவும் வரவும் முடியாது. இருந்தாலும் ரோஜா வந்தது, ரோஜாவுக்குப் பின்னால் நனைந்த சாக்கு வந்தது, மழையில் நனைந்து மூலையில் மாதக்கணக்காகக் கிடக்கும் சாக்கு. ரோஜா, சாக்கு, ஸ்ஸ்ஸ். இந்த மூன்றும் ஒன்றாக எங்கேயோ இருந்தன, இவரும் அங்கே இருந்தார், நாள் முழுக்க நின்றார், கால் கடுத்தது. எங்கே? பிடி கிடைக்கவில்லை. வழுக்கியது. காய்ச்சல் மூளையைப் பிழிந்து காயப்போட்டிருந்தது. துளசிமணி கட்டில் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு குத்தல் உள்ளே ஓடுவது இவருக்குத் தெரியும். முதலில் காய்ச்சல் என்று படுத்தபோது அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? ஒருதரம் கச்சாயப் பலகாரம் சுடச்சொல்லி அவள் மறுத்ததற்காகச் சமையலறை வாசலில் விழுந்து, "துளசீ, சாவி அலமாரி மேல இருக்குது, உன்ற தம்பி கொமாரசாமிகிட்டச் சொல்லிக் காரியத்தை நல்லாப் பண்ணு" என்று இழுத்து இழுத்துப் பேசி, அவள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்ததும் எழுந்து சிரித்த மனுசன்தானே. தோசைக்கரண்டி பறந்து வந்தது, நெற்றியில் இன்னும் தழும்பு. அதனால் இந்தத் தடவையும் "எந்திரிங்க, ஆட்டம் போதும், கச்சாயமெல்லாம் கெடையாது" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். போகட்டும். அவள் மேல் என்ன தப்பு. இப்போது அவள் துடைக்கிற துணியின் குளிர்ச்சி எவ்வளவு நன்றாக இருக்கிறது. தண்ணீர். தண்ணீர் பற்றிக் காலையில் யாரோ பேசினார்களே.

டாக்டரம்மா. பெயர் ஆக்னஸ், நாகர்கோயில் பக்கம், சின்ன வயசு, ஸ்டெதாஸ்கோப்பை மாலை மாதிரிப் போட்டுக்கொள்ளாமல் கையில் சுற்றி வைத்துக்கொள்வாள். பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். துளசிமணி அப்போது டீ வாங்கப் போயிருந்தாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊருக்குப் பொதுவான தமிழில் அளந்து அளந்து பேசினாள், பள்ளிக்கூடத்தில் கட்டுரை ஒப்பிக்கிற மாதிரி. "ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கல. வயிறும் போகுது, ரத்தத்துல சோடியம் குறையுது, ஆளு வேற குழம்பறாரு. எனக்கு லீஜியோனெல்லா மேல சந்தேகம்." பெயரைக் கேட்டதும் சென்னியப்பனுக்குள் மைக் ஆன் ஆனது, மணமகளின் தோழி செல்வி லீஜியோனெல்லா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம், அம்மணிக்கு முன்வரிசையில் நாற்காலி போடவும். டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனாள். அது குளம் குட்டையில் காலங்காலமாக இருக்கிற கிருமிதான். அங்கே இருக்கிறவரை யாருக்கும் தொந்தரவில்லை. தேங்கின தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்தால் தொட்டி ஓரத்திலும் ரப்பர் குழாய்க்குள்ளும் வழுவழுவென்று ஒரு படலம் கட்டும், அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலோட்டமாக மருந்து ஊற்றினாலும் சாகாது. அந்தப் படலத்தை மேய அமீபா என்று ஒன்று வரும், கிருமியைக் கண்டால் விழுங்கும். "விழுங்கினா செரிச்சிரணும் இல்லையா? இது செரிக்காது. அதோட வயித்துக்குள்ளயே குடித்தனம் பண்ணி, பெருகி, அதை உடைச்சிட்டு வெளிய வரும்." ஒரு பயிற்சிப் பையன் ஆவென்று கேட்டான். "நம்ம நுரையீரல்லயும் கிருமியை விழுங்கறதுக்குன்னு செல் இருக்கு. தண்ணி துளித்துளியாத் தெறிச்சுக் காத்துல மிதந்து மூச்சுல போச்சுன்னா, அந்தச் செல் இதைப் பிடிச்சு விழுங்கும். இதுக்கு அதுவும் ஒரு அமீபாதான். அதே குடித்தனம்."

ஒறம்பரை, என்று நினைத்தார் சென்னியப்பன், இது ஒறம்பரையல்ல. கல்யாணத்துக்கு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருவார்கள், அவர்களோடு கலந்து ஒருத்தன் வருவான், வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைப்பார்கள், இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைப்பார்கள். வாலிபத்தில் அவரே எத்தனை கல்யாணத்தில் அப்படிச் சாப்பிட்டிருக்கிறார், யார் கேட்டாலும் கேட்டவன் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னால் முடிந்தது. இப்போது தன் நெஞ்சுக்குள் எவனோ அப்படி வந்து உட்கார்ந்திருக்கிறான், உபசரித்து உள்ளே கூட்டிப்போனது தன்னுடைய ஆட்களே, இலை போட்டு, தண்ணீர் தெளித்து. பிடித்துப்போயிற்று அவருக்கு. பயமாகவும் இருந்தது. பயிற்சிப் பையன், "அப்ப அதுக்கான மருந்தையே ஆரம்பிச்சிரலாமே மேடம்?" என்றான். "இப்பப் போடற ஊசி செல்லுக்குள்ள போகாது, வாஸ்தவம். உள்ள போற மருந்து இதயத்துடிப்பைத் தொடும். இவருக்குத் துடிப்பு ஏற்கெனவே ஒழுங்கா இல்ல. தண்ணித் தெறிப்புல இவர் நின்னாருன்னு தெரிஞ்சா இப்பவே கொடுப்பேன், சிறுநீரையும் டெஸ்டுக்கு அனுப்புவேன். தெரியாம கொடுத்து ஏதாச்சும் ஆனா?" அதற்குள் வார்டு கோடியிலிருந்து நர்ஸ் கத்தினாள், யாருக்கோ வலிப்பு. டாக்டரம்மா ஓடத் திரும்பினாள், டீ தம்ளரோடு துளசிமணி எதிரில் வந்தாள், ஓடுகிற ஓட்டத்தில் அளந்த தமிழெல்லாம் உதிர்ந்துபோய் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "அம்மா, இவரு எங்கயாச்சும் வெள்ளத்துப் பக்கம் நின்னாராம்மா? வெள்ளம் மேல தெறிச்சுதா?" துளசிமணி ஒரு கணம் யோசித்து, பொறுப்பாக, அழுத்தமாகச் சொன்னாள்: "வெள்ளமா? இல்லீங். பவானியில வந்தப்பக்கூட எங்கூடு மேடுங், வாசப்படி நனையலீங்." டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போனாள். இவருக்கும் அப்போது பவானி ஆறுதான் கண்ணில் வந்தது, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு, ஒரு வைக்கோல்போரையே தூக்கிக்கொண்டு. வெள்ளத்தில் நான் ஏன் நின்றேன், நிற்கவில்லையே.

வெள்ளம். அதிலேதான் நினைப்பு மறுபடி மறுபடி போய் மாட்டியது, முள்ளில் வேட்டி மாட்டுகிற மாதிரி, எடுத்துவிட்டு இரண்டடி வைத்தால் மறுபடி. வெள்ளத்தில் நிற்பதற்கும் நெஞ்சில் சளி கட்டுவதற்கும் என்ன? வெள்ளம் எப்படி மேலே தெறிக்கும்? வெள்ளம் இழுக்கும், அடிக்கும், மூழ்கடிக்கும், தெறிக்காது. அந்தப் பெண் படித்தவள், பொருத்தமில்லாமல் கேட்பாளா? கேட்ட விதத்தை மனசுக்குள் ஒருதரம் செய்து பார்த்தார், வாய் அசையாமல், அவள் குரலில். வெள்ளம் மேல தெறிச்சுதா. ள-வை எங்கே ஊன்றினாள், ம்-மை எப்படி விட்டாள். இந்த இழுப்பு எனக்குத் தெரியும். இதை நான் செய்திருக்கிறேன், ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். நாகர்கோயில் மாப்பிள்ளை வீடு ஒன்று மகாலுக்கு வந்ததே, வேன் இறங்கியதும் ஒரு பெரியம்மா சமையல்கட்டு வாசலில் நின்று, "மக்கா, தொண்ட வறளுதுடே, கொஞ்சம் வெள்ளம் தா" என்றாள். சமையல் மாஸ்டர் திகைத்து, கல்யாண வீட்டு ஒறம்பரை கேட்டு இல்லையென்று சொல்லக்கூடாதே என்று, அச்சு வெல்லம் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை எப்படிடே குடிக்க?" என்றாளே! சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாக மாறியது, விலா முறுகியது, கண்ணில் நீர் வந்தது, துளசிமணி முதுகைத் தடவினாள், அந்த நீருக்கு நடுவில் எல்லாம் பளிச்சென்று நின்றது. வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். அந்தப் பெண் ஆற்றையா கேட்டாள்? தண்ணீர் தெறிக்கிற இடத்தில் நின்றாயா என்று கேட்டாள். நின்றேன் தாயி. நின்றேனே. ரோஜா, சாக்கு, ஸ்ஸ்ஸ்.

யானை. மகாலின் வாசலில், சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில், இடுப்புயரத்துக்கு ஒரு ஃபைபர் யானை, நெற்றியில் பட்டம், கழுத்தில் மணி. ஆள் எதிரே வந்தால் கிர்ர்ர் என்று தும்பிக்கையைத் தூக்கும், ஸ்ஸ்ஸ் என்று பன்னீரைப் புகையாக விடும், இறக்கும்போது மணி டிங் என்னும். குழந்தைகள் அதன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதற்கு வயிற்றில் தொட்டி. விற்ற ஆள் ஒரே ஒரு பேச்சைத்தான் சத்தியம் வாங்குகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனான், "வயித்தைக் காலி பண்ணிராதீங்க மேனேஜர், மோட்டார் கருகிரும், குறையக் குறைய ஊத்துங்க." அப்படியே செய்தோம். ஊற்றினதன் மேலேயே ஊற்றினோம், வாடை வந்தால் எசென்ஸைக் கூட்டினோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, யானையைத் தகரக்கூரை போட்ட ஸ்டோரில் தள்ளி மேலே சாக்கைப் போர்த்தி வைத்தோம், வயிற்றில் பாதித் தண்ணீரோடு. தகரம் நாள் முழுக்கக் காய்ந்தது. உள்ளே வெதுவெதுப்பு. உள்ளே படலம். உள்ளே, விழுங்குகிறவனும் விழுங்கப்படுகிறவனும், மேளமில்லாத ஒரு மாசம் முழுக்க அவர்களுக்குத்தான் கல்யாணம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாக்கை உருவி, தண்ணீரை நிரப்பி, எசென்ஸை ஊற்றி வாசலில் நிறுத்தினோம். மைக் மேசை அதற்குப் பக்கத்தில்தான். விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை நான் அங்கே நின்றேன், பேசினேன், பேச மூச்சை இழுத்தேன், இழுத்தேன், இழுத்தேன், ஏற்கெனவே பீடி தின்ற நெஞ்சு. அவ்வளவு விருந்தாளிகளும் ஒரு நொடி நின்று போனவர்கள், நான் மட்டும் அங்கேயே குடியிருந்தேன்.

"மாமோவ், எப்படி இருக்கறீங்?" கொமாரசாமி வந்துவிட்டான், துளசிமணியின் தம்பி, புது வேட்டி, விரலிடுக்கில் சந்தனம் காயாமல். அவன் மகளுக்கு விடிந்தால் கல்யாணம், இன்றைக்குச் சாயந்திரமே வரவேற்பு, நாச்சம்மாள் மகாலில்தான். "நீங்க இல்லாத மைக் வெறும் கம்பி மாதிரி நிக்குதுங் மாமா. இருந்தாலும் ஒரு கொறையுமில்ல. நம்ம மண்டபத்துப் பையன் வேலுச்சாமி சீரியல் லைட்டுப் போட்டுட்டான், யானையை நல்லாத் தொடைச்சு வாசல்ல நிறுத்தியாச்சு. அப்பாவுக்கு நிக்க முடியாதில்ல, இளைப்பு. அதனால யானைக்குப் பக்கத்துலயே சேர் போட்டு உக்கார வெச்சிருக்கறோம். பெரியவரு அங்கயே இருந்து எல்லாத்தையும் வாங்கன்னு கூப்புடட்டும். ஜம்முனு இருக்குதுங்." சென்னியப்பன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். மாமனார். மூச்சு விடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிற மனுசர், பேத்தி கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தும்பிக்கைக்கு நேர் எதிரே. வேண்டாம் மாப்ளை என்று சொல்ல வாயெடுத்தார், இருமல் சொல்லைத் தின்றுவிட்டது. ஊசி குத்தாத கையைத் தூக்கினார். மூக்குக்கு நேரே வைத்து மேலும் கீழும் ஆட்டினார். காதை விரித்துக் காட்டினார். கொமாரசாமி பார்த்தான், சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, பாருக்கா, யானை காட்டறாரு! பயப்படாத, மாமன் தேறிட்டாரு!" என்றான். துளசிமணி சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் வைத்து அழுத்தினாள். "கம்முனு இருங்க. இப்பவுமா? டாக்டரம்மா சொல்லுச்சு, குழப்பத்துல என்னென்னமோ பண்ணுவாருன்னு." கண் கலங்கியிருந்தது. இல்லடி, என்று அவள் கையை நெரித்தார், இது ஆட்டமில்லடி, தோசைக்கரண்டி மேல் சத்தியமாக. அவள் அவர் நெற்றித் தழும்பைத் துணியால் ஒற்றினாள்.

சரி, கையை விடு, வாய்தான் என் சொத்து. எத்தனை வார்த்தைக்கு மூச்சு இருக்கிறது? ஒன்றுக்கு. அடித்துப் பிடித்தால் இன்னொரு பாதிக்கு. அதற்குள் இருமல் வந்து கழுத்தைப் பிடிக்கும். என் குரலில் சொன்னால் பிதற்றல். யார் குரலில் சொன்னால் கேட்பார்கள்? வாழ்நாளெல்லாம் அடுத்தவன் குரலில் பேசி ஊரைச் சிரிக்க வைத்தாயே சென்னியப்பா, இன்றைக்கு நம்ப வைக்க ஒரு குரல் கொடு பார்க்கலாம். அவர் மூச்சைச் சேர்க்கத் தொடங்கினார். சின்னச் சின்னதாக, மைக்குக்கு முன்னால் சேர்ப்பதுபோல, சிமெண்ட் பூச்சின் மேல் கால் வைத்துக் கால் வைத்து. பயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, உட்காரட்டும், பந்தியில் அதற்கும் ஒரு இலை. மாமனாரின் புதுச்சட்டைக் காலர் கண்ணில் வந்தது. ரோஜா வாசனை வந்தது. சாயந்திர வெயில் ஜன்னல் கம்பிகளைக் கட்டில் மேல் நீட்டியது, வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள், டுர்ர்ர், வேண்டாம், அதைச் செய்யாதே, மூச்சை வை, வை. செருப்புச் சத்தம். டாக்டரம்மா. வலிப்புக்காரரைப் பார்த்துவிட்டு, முகம் கழுவி, மறுபடி அளந்த தமிழோடு வந்தாள். "எப்படி இருக்கீங்க ஐயா?"

சென்னியப்பன் மூடியைப் பிடுங்கினார். துளசிமணி அலறினாள். அவர் தொண்டையிலிருந்து முதலில் வந்தது பேச்சில்லை. கிர்ர்ர் என்று ஒரு மோட்டார் எழும்பியது, அதன் மேல் ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சீறல், கடைசியில் நாக்கைச் சொடுக்கி, டிங். பிறகு டாக்டரம்மாவின் கண்ணையே பார்த்து, அந்த நாகர்கோயில் பெரியம்மாவின் இழுப்பில், அச்சு அசலாக: "வெள்ளம்... அதுலயாக்கும், மக்கா."

அதோடு மூச்சு தீர்ந்தது. இருமல் அவரை மடக்கிப் போட்டது, நர்ஸ் மூடியை அழுத்தினாள், பிளாஸ்டிக் வாடை, சீறல், களக் களக். டாக்டரம்மா கல்லாக நின்றாள், தன் அத்தை வீட்டு முற்றத்திலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி. "இது எங்க ஊர் பேச்சில்லா?" என்றாள் மெதுவாக. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் காலையில வெள்ளம்னா கேட்டேன்? தண்ணிம்மா! தண்ணி தெறிக்கிற எதுக்காவது பக்கத்துல நின்னாரா?" துளசிமணி புருசனைப் பார்த்தாள், அவர் மூக்குக்கு நேரே இன்னமும் தூக்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். "கிர்ருன்னு... டிங்குன்னு... அட சாமீ, அது எங்க மண்டபத்துப் பன்னீர் யானைங்! நாள் பூரா அதுக்குப் பக்கத்துல நின்னாருங்!" டாக்டரம்மா அந்தப் பன்னீரில் எத்தனை நாள் தண்ணீர் என்று கேட்டாள், கொமாரசாமி "மாத்தறதே இல்லீங்" என்றான், சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறியது. அவள் நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னாள், துடிப்பைப் பார்க்கிற மெஷினைக் கட்டிலுக்கு இழுத்துவரச் சொன்னாள், சிறுநீர் டெஸ்டுக்குச் சொன்னாள், திரும்பி, "அந்த யானையை முதல்ல நிறுத்துங்க, யாரும் கிட்டப் போகாதீங்க" என்றாள்.

கொமாரசாமி போனைப் போட்டான், ஸ்பீக்கரில். நாதஸ்வரமும் குழந்தைகள் கூச்சலும் கொட்டின, நடுவில் அந்த ஸ்ஸ்ஸ். "வேலுச்சாமி, யானையை நிறுத்துடா, அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போடா!" மறுமுனையில் வேலுச்சாமி சிரித்தான். "ஆருங் அது, கொமாரசாமியண்ணன் கொரல்லயா? நல்லா இருக்குதுங். போன கல்யாணத்துலயும் இப்புடித்தான் ஆரோ பேசி ஜெனரேட்டரை ஆஃப் பண்ண வெச்சு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டனுங். மேனேஜர் வாயால சொன்னாத்தான் இனி எதையும் தொடுவேன்." கொமாரசாமி கத்தினான், வேலுச்சாமி இன்னும் சிரித்தான். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் போன கல்யாணத்தில் பேசினது அவர்தான், திட்டினதும் அவர்தான். துளசிமணி தம்பி கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். ஒருதரம் கனைத்தாள். மோவாயைக் கழுத்தோடு சேர்த்து, வயிற்றிலிருந்து, கரகரவென்று, கல்யாணமாகி வந்த நாளாகக் காதில் விழுந்து விழுந்து வெறுத்துப்போன அந்தக் குரலை எடுத்தாள்.

"டேய் வேலுச்சாமி. மைக்கைப் புடிச்சிட்டு ஈன்னு நிக்காத. யானையை ஆஃப் பண்றா. மாமனாரை மேடைக்குப் பக்கத்துல உக்கார வை."

"சரிங் மேனேஜர்!"

டிங். போனுக்குள் ஸ்ஸ்ஸ் நின்றது. நாதஸ்வரம் மட்டும் வந்தது, யாரோ ஒரு குழந்தை "யானை ஏம்மா தூங்கிருச்சு?" என்று கேட்டது. துளசிமணி போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, அவர் மேல் கவிழ்ந்து, சத்தமாக, தன் குரலிலேயே அழுதாள். சென்னியப்பன் அவள் கொண்டையின் மேல் கையை வைத்தார். புது மருந்து குழாய் வழியாக இறங்க ஆரம்பித்தது, கையில் சில்லென்று ஏறியது, துடிப்பு மெஷின் பிக், பிக் என்றது, அது ரொம்பச் சுலபம், உதட்டாலேயே வந்துவிடும். அவளுடையது பரவாயில்லை, என்று நினைத்தார், அடிக்குரல் நன்றாக வந்தது, 'பண்றா'-வில் மட்டும் ஒரு கீச்சு தட்டியது. வீட்டுக்குப் போனதும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.